கடலில் வாழும் டால்பின்களைப் பிடித்துக் காட்சியகங்களுக்கு விற்பது எந்த நிபந்தனையிலாவது ஏற்கத்தக்கதா?

நெய்தல் எழுதியது:

காட்சியகங்களில் டால்பின்களை வைத்திருப்பது குறித்துப் பேசும்போதெல்லாம் விவாதம் தொட்டியின் அளவு, நீரின் தூய்மை, மருத்துவர் இருக்கிறாரா என்ற கேள்விகளிலேயே நின்றுவிடுகிறது. அவை முக்கியமானவைதாம். ஆயினும் அந்த விலங்கு தொட்டிக்கு வந்துசேர்ந்த வழியைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். கடலில் பிறந்து தன் கூட்டத்தோடு வளர்ந்த ஒரு டால்பினை வலையிட்டுப் பிடித்து விற்பது தன்னளவிலேயே சரியா என்பதை மட்டும் இந்த இழையில் பேச விரும்புகிறேன்.

ஜப்பானின் வகாயாமா மாகாணத்திலுள்ள தைஜி ஊரில் ஆண்டுதோறும் செப்டம்பரில் பிடிப்புப் பருவம் தொடங்குகிறது. டால்பின் கூட்டத்தைக் கண்டதும் படகுகள் வரிசைகட்டி நிற்க, அவற்றில் இருப்பவர்கள் நீருக்குள் இறக்கிய உலோகக் குழாய்களைச் சுத்தியலால் ஓயாமல் அடிக்கிறார்கள். ஒலியைக் கொண்டே திசையறியும் விலங்குகளுக்கு அந்த ஓசை தாண்ட முடியாத சுவராகிறது. அதிலிருந்து விலகி ஓட ஓட அவை குறுகிய குடாவுக்குள் தள்ளப்படுகின்றன. குடாவின் வாய் வலையால் அடைக்கப்படுகிறது. பிறகு பயிற்சியாளர்கள் இறங்கி, காட்சிக்கு ஏற்றவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இளம் வயதுடையவையும் உடலில் தழும்பில்லாதவையும், பெரும்பாலும் பெண் விலங்குகளும், முதலில் எடுக்கப்படுகின்றன. எஞ்சியவற்றில் பல இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. சில நேரங்களில் கடலுக்குள் திருப்பி விடப்படுகின்றன. உயிரோடு விற்கப்படும் டால்பினுக்குக் கிடைக்கும் விலை இறைச்சிக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே காட்சியகங்கள் கொடுக்கும் பணம்தான் இந்த வேட்டையைத் தாங்கி நிற்கும் தூண்களுள் ஒன்று என்று சொல்வது மிகையாகாது.

எல்லாப் பிடிப்பும் இப்படி நடப்பதில்லை. ஆழம் குறைந்த நீரில் சிறு கூட்டத்தைச் சுற்றி வலை விரித்து, தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விடுவிப்பவர்களும் உண்டு. அங்கே குருதி சிந்தாமல் இருக்கலாம். ஆனால் டால்பின் குட்டி மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை தாயோடு இருந்து இரை தேடவும் ஆபத்தைத் தவிர்க்கவும் கற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட கூட்டத்திலிருந்து ஒன்றை எடுக்கும்போது, எடுக்கப்பட்டதற்கு மட்டுமன்றி விடப்பட்டவற்றுக்கும் தீங்கு நேர்கிறது. அந்தத் தீங்கை எந்தக் காட்சியகமும் பிற்பாடு எவ்வளவு நல்ல பராமரிப்பு அளித்தாலும் ஈடுசெய்ய முடியாது என்பதே என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

அலைவாய் எழுதியது:

நெய்தல் அவர்களுக்கு, தைஜியில் நடப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆதரிக்கும் எவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் மிகக் கொடிய முறையை முன்னிறுத்தி எல்லாப் பிடிப்பையும் ஒரே தீர்ப்பில் தள்ளிவிடுவது முறையாகாது என்று கருதுகிறேன்.

டால்பின்களைப் பற்றி இன்று நாம் மதிப்போடு பேசுவதற்கே காரணம், அவை மனிதரின் கண்முன் வைத்து ஆராயப்பட்டதுதான். கண்களை மறைத்த பிறகும் டால்பின் தடைகளைத் தவிர்த்து நீந்துகிறது என்பதைக் கென்னத் நோரிஸ் 1960களின் தொடக்கத்தில் காட்டியது தொட்டியில் இருந்த விலங்கை வைத்துத்தான். கண்ணாடியில் தெரிவது தானே என்று டால்பின் உணர்கிறது என்ற 2001ஆம் ஆண்டு ஆய்வு நியூயார்க் மீன்காட்சியகத்தில் நடந்தது. பிரிந்துபோன கூட்டாளியின் சீழ்க்கையை இருபது ஆண்டுகள் கழித்தும் அவை அடையாளம் காண்கின்றன என்ற 2013ஆம் ஆண்டு முடிவும் காட்சியகங்களில் வாழ்ந்த டால்பின்களிடமிருந்து கிடைத்ததே. இவை இல்லையென்றால் இந்த விலங்குகளுக்காக வாதாட நம்மிடம் என்ன இருந்திருக்கும்?

வாழ்நாள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் காட்சியகங்களிலுள்ள டால்பின்கள் கடலில் வாழ்பவற்றுக்குக் குறையாத காலம் வாழ்கின்றன என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. பல்லாயிரம் எண்ணிக்கையுள்ள ஓர் இனத்திலிருந்து அறிவியலாளர் மேற்பார்வையில் மிகச் சிலவற்றை மட்டும் கவனமாக எடுப்பதை, நாள்தோறும் நடக்கும் மீன்பிடிப்பைவிடப் பெரிய குற்றமாகப் பார்ப்பதற்கான காரணத்தை நீங்கள் இன்னும் விளக்கவில்லை.

திணைமொழி எழுதியது:

அலைவாய் அவர்கள் எடுத்துக்காட்டிய இருபது ஆண்டு நினைவு பற்றிய ஆய்வையே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கென ஒரு சீழ்க்கை உண்டு. மற்றொன்று அதைத் திருப்பி ஒலித்தால் உரிய டால்பின் பதில் தருகிறது. இதை ஸ்காட்லாந்துக் கரையோரக் கடலில் திரியும் டால்பின்களிடம், ஒன்றையும் பிடிக்காமலேயே, 2013இல் உறுதிசெய்தார்கள். இரு முடிவுகளையும் சேர்த்துப் பாருங்கள். தன் கூட்டத்தாரை ஒவ்வொருவராக அடையாளம் காணும், இருபது ஆண்டுகள் கழித்தும் மறக்காத விலங்கு அது. அதைக் கூட்டத்திலிருந்து பிரிப்பது எத்தகைய செயல் என்பதை அந்த ஆய்வு முன்பைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அறிவு கிடைத்த வழியைப் பாராட்டிவிட்டு, அந்த அறிவு சொல்வதைக் கேளாமல் இருப்பது எப்படிப் பொருந்தும்?

தொட்டியில்லாமல் ஆய்வு நடக்காது என்பதும் இன்று உண்மையன்று. ஃபுளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் ஒரே டால்பின் சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். உடல்நலச் சோதனைக்காகச் சிலவற்றைச் சற்று நேரம் பிடித்து நிறுத்தி, அதே இடத்தில் அதே நாளில் விட்டுவிடுகிறார்கள். தாய்மை, நட்பு, நோய், முதுமை எல்லாவற்றையும் பற்றி அங்கே கிடைத்த அறிவை எந்தத் தொட்டியும் தந்திருக்க முடியாது.

2019ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றி: அது நன்கு நடத்தப்படும் அமெரிக்க நிறுவனங்களின் கணக்கு. அங்கே கடலிலிருந்து காட்சிக்காக டால்பின் பிடிப்பது 1990களின் முற்பகுதியோடு நின்றுவிட்டது. இப்போது இருப்பவற்றில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்தவை. ஆகவே அந்த எண்களைக் கொண்டு பிடிப்பை நியாயப்படுத்த இயலாது. பிடிப்புக்குப் பொருந்தும் கணக்கு வேறு. புதிதாகப் பிடிபட்ட டால்பின்களிடையே முதல் சில வாரங்களில் இறப்பு வழக்கத்தைவிட உயர்ந்திருக்கிறது என்று 1995இலேயே ஆய்வு வந்திருக்கிறது. அந்த வாரங்களைக் கடந்து பிழைத்தவற்றின் வாழ்நாளை மட்டும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மருதன் எழுதியது:

இனப்பெருக்கத்துக்காகச் சிலவற்றை எடுத்து, அதன்பின் பிடிப்பையே நிறுத்திவிடுவது என்ற வாதத்தைக் கேட்டிருக்கிறேன். அதை யாராவது விளக்க முடியுமா? ஒருமுறை நேரும் தீங்கு, நீண்டகாலத் தீங்கைத் தவிர்க்குமானால் அதை ஏற்கலாமா?

நெய்தல் எழுதியது:

மருதன் அவர்களே, அந்த வாதம் ஒருமுறை முறையாகச் சோதிக்கப்பட்டது. ரஷ்யாவின் ஒகோட்ஸ்க் கடலில் பிடிக்கப்பட்ட 18 பெலுகாக்களை (வெண்ணிறச் சிறு திமிங்கிலங்கள்) அமெரிக்காவுக்குக் கொண்டுவர அந்நாட்டின் ஜார்ஜியா மீன்காட்சியகம் 2012இல் அனுமதி கேட்டது. காட்சியகங்களில் உள்ள பெலுகாக்களின் மரபுவளத்தைப் பெருக்கி, அவை தாமாகவே நிலைத்து நிற்கும்படி செய்வதே நோக்கம் என்று கூறப்பட்டது. தேசியக் கடல் மீன்வளப் பணித்துறை 2013 ஆகஸ்டில் அனுமதி மறுத்தது. அதன் காரணங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், ஏனெனில் நம் விவாதத்தின் மையம் அங்கே இருக்கிறது. பிடிப்பு அந்தக் கடற்பகுதியின் பெலுகாக்களைப் பாதிக்கக்கூடும் என்பது ஒன்று. இவற்றை வாங்கினால் அவற்றின் இடத்தை நிரப்ப மேலும் பிடிப்பார்கள் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் என்னை மிகவும் பாதித்தது: அந்தப் பதினெட்டில் ஐந்து, பிடிபட்டபோது ஏறத்தாழ ஒன்றரை வயதே ஆனவை, தாய்ப்பாலை இன்னும் முழுமையாக விட்டிருக்க வாய்ப்பில்லாதவை. வழக்கு நீதிமன்றம் சென்றது. 2015இல் நீதிமன்றமும் மறுப்பை உறுதிசெய்தது.

‘ஒருமுறை மட்டும்’ என்று சொல்லி வாங்குபவர் தம்மளவில் நேர்மையாளராகவே இருக்கலாம். விற்பவருக்கு அது ஒரு விலையை நிலைநிறுத்தித் தருகிறது. அடுத்த ஆண்டு அதே வலை வேறொருவருக்காக விரிக்கப்படும்.

கானலோன் எழுதியது:

இளம் விலங்குகளை எடுப்பது ஒரு கூட்டத்தை எவ்வளவு காலம் துரத்தும் என்பதற்கு ஓர்காக்களின் வரலாறு போதும். (கொலைத்திமிங்கிலம் எனப்படும் ஓர்காவும் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்ததே.) அமெரிக்கா, கனடா எல்லையை ஒட்டிய பசிபிக் கடற்பகுதியில் 1960களிலும் 70களிலும் காட்சியகங்களுக்காக ஓர்காக்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டன. 1970 ஆகஸ்டில் பென் கோவ் என்ற இடத்தில் நடந்த பிடிப்பில் குட்டிகள் வலையில் சிக்கி மூழ்கி இறந்தன. அன்று பிடிபட்ட இளம் ஓர்காக்களுள் ஒன்றான டோக்கிடே, மயாமியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே தொட்டியில் வாழ்ந்து 2023 ஆகஸ்டில் இறந்தது. அதைப் பிறந்த கடலுக்கு அனுப்பும் திட்டம் அந்த ஆண்டுதான் அறிவிக்கப்பட்டிருந்தது.

அந்தக் கடற்பகுதியின் தெற்கில் வாழும் ஓர்காக் கூட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு தலைமுறையே எடுக்கப்பட்டது. அவை இன்று எழுபது சொச்சம் மட்டுமே இருக்கின்றன. 2005இல் அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சால்மன் மீன்களின் குறைவும் கப்பல்களின் இரைச்சலும் மாசும் இன்றைய முதன்மைக் காரணங்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இனம் பெருக்கியிருக்க வேண்டிய இளம் விலங்குகளை இழந்த நிலையில்தான் அந்தக் கூட்டம் இவற்றையெல்லாம் எதிர்கொண்டது. அலைவாய் அவர்கள் ‘பல்லாயிரத்தில் சில’ என்கிறார்கள். கடலில் இருப்பவை சிறு சிறு கூட்டங்கள். பிடிப்பவர் எப்போதும் ஏதோ ஒரு கூட்டத்திலிருந்துதான் எடுக்கிறார்.

அலைவாய் எழுதியது:

கானலோன் சொன்னதை ஏற்கிறேன்; எண்ணிக்கையைக் கூட்டம் கூட்டமாகவே கணிக்க வேண்டும். ஆயினும் இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட கடலோர மக்களின் மரபையும் வாழ்வையும் வெளியிலிருந்து தீர்ப்பிடும் உரிமை யாருக்கு இருக்கிறது? அடுத்து, இனத்தையே காப்பாற்றுவதற்காகப் பிடிக்க நேர்ந்தால் அதையும் தவறென்பீர்களா?

திணைமொழி எழுதியது:

முதற் கேள்விக்கு என் பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தைஜியில் திமிங்கில வேட்டை 1606இலிருந்தே ஒழுங்கமைந்த தொழிலாக இருந்தது உண்மை. ஆனால் கூட்டமாக வளைத்து உயிரோடு பிடிக்கும் இன்றைய முறை, அங்கே திமிங்கில அருங்காட்சியகம் தொடங்கப்பட்ட 1969ஆம் ஆண்டை ஒட்டியே வேரூன்றியது. சாலமன் தீவுகளிலும் அப்படித்தான். பற்களுக்காகவும் இறைச்சிக்காகவும் டால்பின் வேட்டையாடும் மரபு அங்கே சில ஊர்களில் நெடுங்காலமாக உண்டு; விமானத்தில் ஏற்றி அயல்நாட்டுப் பூங்காக்களுக்கு அனுப்பும் வணிகம் 2003இல் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு 28 டால்பின்கள் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டன. அந்தத் தீவுகள் உள்நாட்டு மோதலால் நிலைகுலைந்திருந்த காலம் அது. மரபை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்த வணிகத்துக்கு மரபு என்ற பெயரைத் தருவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கானலோன் எழுதியது:

இரண்டாம் கேள்விதான் கடினமானது. அதற்கு எளிய விடை தருபவரை நான் நம்புவதில்லை.

மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வக்கீட்டா (டால்பினுக்கு உறவான ஒரு சிறு கடற்பன்றி) முப்பதுக்கும் கீழே குறைந்துவிட்ட நிலையில், 2017 இலையுதிர் காலத்தில் அவற்றைப் பிடித்துப் பாதுகாப்பான கடலடைப்பில் வைக்க உலகின் தேர்ந்த நிபுணர்கள் முயன்றார்கள். முதலில் பிடிபட்ட இளம் விலங்கு அச்சத்தால் துடித்ததால் உடனே விடுவிக்கப்பட்டது. அடுத்துப் பிடிபட்ட பெண் விலங்கு சில மணி நேரத்தில் இறந்தது. திட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டது. அங்கே பணநோக்கம் இல்லை; அனுபவத்துக்கும் அக்கறைக்கும் குறைவில்லை; அப்படியும் அது நடந்தது.

மறுபுறம் யாங்சி ஆற்றைப் பாருங்கள். அங்கே வாழ்ந்த பாய்ஜி டால்பினைக் காக்க எடுத்த முயற்சிகள் தாமதமாகவே வந்தன. சீசீ என்ற ஓர் ஆண் டால்பின் வூஹானில் 1980 முதல் 2002 வரை பெரும்பாலும் இணையில்லாமல் வாழ்ந்து இறந்தது. 2006இல் ஆறு முழுவதும் தேடியபோது ஒன்றும் தென்படவில்லை. அதே ஆற்றின் முதுகுத்துடுப்பற்ற கடற்பன்றிகளை 1990 முதல் தியான்-எ-சோ என்ற பழைய ஆற்று வளைவுக்குச் சிறிது சிறிதாக மாற்றினார்கள். அவை அங்கே தாமே இரை தேடி, இனம் பெருக்கி நிலைத்துவிட்டன. ஆற்றிலும் நிலை மேம்பட்டு, 2017இல் 1,012ஆக இருந்த மொத்த எண்ணிக்கை 2022இல் 1,249ஆக உயர்ந்தது. அங்கே டிக்கெட் இல்லை, வித்தை இல்லை. அவற்றின் வாழிடத்தைப் போன்ற வாழிடம் இருந்தது. ஆகவே காப்பதற்காகப் பிடிப்பதை நான் முற்றிலும் மறுக்க மாட்டேன். காட்சியகங்கள் தேடிப் பிடிக்கும் சாதாரண புட்டிமூக்கு டால்பினுக்கு அந்த வாதம் பொருந்தவே பொருந்தாது.

மருதன் எழுதியது:

ஏற்கெனவே பிடிபட்டவற்றைத் திரும்ப விட்டுவிடலாம் என்றால் பிடிப்பின் தீங்கு ஓரளவு குறையும் அல்லவா?

நெய்தல் எழுதியது:

குறையும், ஆனால் காலம் கடந்தால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. தென்கொரியாவின் ஜெஜு தீவு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மீன்பிடி வலைகளில் தற்செயலாகச் சிக்கிய டால்பின்களை விட்டுவிடாமல் சட்டத்துக்குப் புறம்பாகப் பூங்காவுக்கு விற்றார்கள். அவற்றில் ஜேதோல் என்பது 2009இல் பிடிபட்டு, சியோல் உயிரியல் பூங்காவில் வித்தை காட்டியது. மக்களின் குரலும் நீதிமன்றத் தீர்ப்பும் சேர்ந்து, 2013 ஜூலையில் அதையும் சுன்சாம் என்ற டால்பினையும் பிறந்த கடலுக்கே கொண்டுசேர்த்தன. அதற்குச் சற்று முன்பே சம்பால் என்பது, பழக்குவதற்காக வைத்திருந்த கடலடைப்பின் வலைக்கிழிசல் வழியாகத் தானே வெளியேறித் தன் கூட்டத்தைக் கண்டடைந்தது. 2016இல் சம்பால் குட்டியோடு நீந்தியதைக் கண்டார்கள்.

அதே கடலில் 2017இல் விடப்பட்ட கும்துங், தேபோ இரண்டும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அடைபட்டிருந்தவை. 2005இல் பிடிபட்டு 2022இல் விடப்பட்டது பிபோங்கி. இம்மூன்றும் அதன்பின் காணப்படவேயில்லை. ஐஸ்லாந்துக் கடலில் 1979இல் குட்டியாகப் பிடிபட்ட கெய்கோ என்ற ஓர்காவுக்குப் பெரும் பொருட்செலவில் பல ஆண்டுகள் பயிற்சி தந்தும், எந்தக் கூட்டத்தோடும் நிலையாகச் சேராமல் 2003இல் நார்வேயில் இறந்தது.

கூட்டத்தில் கழிய வேண்டிய ஆண்டுகளை அடைப்பில் கழித்த விலங்குக்குக் கடல் இருக்கிறது, உறவு இருப்பதில்லை. அதனால் நீண்டகாலம் அடைபட்டவற்றுக்குக் கடலோர அடைப்புகளே ஓரளவு நியாயமான முடிவாகத் தோன்றுகின்றன. ஷாங்காயிலிருந்து 2019இல் ஐஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட இரு பெலுகாக்களுக்காக ஒரு விரிகுடாவையே ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் எளிதன்று, அவை பலமுறை உள்தொட்டிக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

மருதன் எழுதியது:

அப்படியானால் சட்டம்தான் வழி. எந்தச் சட்டம் உண்மையில் பயன்தந்திருக்கிறது?

திணைமொழி எழுதியது:

பிடிக்கும் நாட்டின் சட்டத்தைவிட வாங்கும் நாட்டின் சட்டமே வலிமையானது என்பது நான் கண்டது. இந்தியா 2013இல் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. கனடா 2019இல், மீட்கப்பட்டவை போன்ற சில விலக்குகளோடு, திமிங்கிலம் மற்றும் டால்பின்களை அடைத்துவைப்பதையே தடைசெய்தது. பிரான்ஸ் 2021இலும் மெக்சிகோ 2025இலும் காட்சிகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சட்டங்களை இயற்றின. 2015இல் உலக உயிரியல் பூங்காக்கள் மற்றும் மீன்காட்சியகங்கள் சங்கம் ஜப்பானியச் சங்கத்தின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தவுடன், ஜப்பானியச் சங்கமே தன் உறுப்பினர்கள் தைஜி டால்பின்களை வாங்கக் கூடாதென முடிவெடுத்தது. சில நிறுவனங்கள் சங்கத்தைவிட்டு விலகின. வெளிநாட்டு விற்பனை, குறிப்பாகச் சீனாவின் புதிய கடல் பூங்காக்களுக்கு, தொடர்ந்தது. ஆகவே ஒரு கதவு மூடினால் போதாது.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை இங்கே உதவும் என்று பலர் நம்புகிறார்கள். புட்டிமூக்கு டால்பின் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி அந்த இனத்தின் நிலைபேற்றைப் பாதிக்காது, விலங்கு சட்டப்படி பெறப்பட்டது, பயணத்தில் துன்பம் குறைவாக இருக்கும் என்று ஏற்றுமதி நாடு சான்றளித்தால் போதும். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டதா, கூட்டத்தில் எத்தனை இறந்தன என்று கேட்கும் இடம் அந்தப் படிவத்தில் இல்லை. கருங்கடல் டால்பின்களுக்கு 2002இல் கொண்டுவந்ததைப் போல வணிக ஏற்றுமதி அளவைச் சுழியமாக்குவதுதான் அந்த உடன்படிக்கைக்குள் கிடைக்கும் உருப்படியான வழி.

அலைவாய் எழுதியது:

காட்சிக்காகக் கடலிலிருந்து பிடிப்பதை இனி நான் ஆதரித்து வாதிடப் போவதில்லை. ஆனால் மீட்பு, ஆய்வு, கல்வி என்ற விலக்குகளைச் சட்டத்தில் விட்டுவைக்க வேண்டும் என்று இன்னும் கருதுகிறேன். காயமுற்றுக் கரையொதுங்கிய விலங்கை யார் பார்ப்பது?

கானலோன் எழுதியது:

மீட்பு வேண்டும், கரையொதுங்கியதைக் கைவிடச் சொல்பவர் இங்கே யாருமில்லை. ஆய்வு, கல்வி என்ற சொற்களில்தான் எனக்கு அச்சம். 2018இல் ரஷ்யாவின் நகோத்கா அருகே ஸ்ரெட்னியா குடாவில் ஏறத்தாழ நூறு பெலுகாக்களும் ஓர்காக்களும் நெருக்கமான அடைப்புகளில் கண்டுபிடிக்கப்பட்டன. கல்வி, பண்பாடு என்ற பெயரில் பிடிக்கச் சட்டம் இடம் தந்திருந்தது. அவற்றைச் சீனாவுக்கு விற்பதே பிடித்தவர்களின் திட்டம். உலகம் முழுவதும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2019இல் அவை கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன.

எனவே விலக்கை இப்படி எழுத வேண்டும் என்பது என் கருத்து: கரையொதுங்கியதோ வலையில் சிக்கியதோ ஆன விலங்கை மட்டுமே ஏற்கலாம், அதை விற்கவோ கைமாற்றவோ வித்தைக்குப் பயன்படுத்தவோ கூடாது, கடலுக்குத் திரும்ப இயலுமா என்பதை அதை வைத்திருக்கும் நிறுவனம் தீர்மானிக்கக் கூடாது, அந்நிறுவனத்தோடு எந்தப் பணத்தொடர்பும் இல்லாத மருத்துவர் குழுவே குறித்த காலத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். இதில் நீங்கள் ஏற்க முடியாத பகுதி எதுவென்று சொல்லுங்கள், அதிலிருந்து தொடர்வோம்.

அலைவாய் எழுதியது:

கைமாற்றக் கூடாது என்பதில் மட்டும் ஒரு திருத்தம் கேட்கிறேன். திரும்ப இயலாத டால்பினைத் தனியாக ஒரு தொட்டியில் வைத்திருப்பதைவிட, அதே இனத்தைச் சேர்ந்தவை உள்ள கடலடைப்புக்கு விலையின்றி அனுப்ப இடமிருக்க வேண்டும். மற்றவற்றை ஏற்கிறேன்.